கழுத்தின் பக்கவாட்டு எக்ஸ்ரேயைப் படிப்பது எப்படி: படிப்படியான முழு வழிகாட்டி

புதிதாகப் பயிற்சிக்கு வந்த மருத்துவரின் கையில், அடிபட்ட ஒருவரின் கழுத்து எக்ஸ்ரேயைக் கொடுத்தால், அவருடைய கண் நேராகப் படத்தின் நடுவுக்குப் போகும். நான்காவது, ஐந்தாவது எலும்புகள் அங்கே பளிச்சென்று தெரியும். அவற்றில் விரிசலைத் தேடிவிட்டு, "எலும்பு நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிடுவார். படம் கீழே எந்த எலும்போடு முடிகிறது என்று எண்ணியிருக்க மாட்டார். நான் கண்ட தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்கின. ஆகவே, எதற்குப் பின் எதைப் பார்ப்பது என்ற வரிசையே இந்த வழிகாட்டியின் உயிர்நாடி.

மருத்துவ, செவிலிய, கதிர்ப்படப் பிரிவு மாணவர்களுக்காக இது எழுதப்படுகிறது. படத்தின் இறுதி அறிக்கை கதிரியக்க நிபுணருடையது. ஆனால் நள்ளிரவில் படத்தை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் மாணவராகவே இருப்பார்.

1. படத்துக்கு முன் ஆளைப் பாருங்கள்

அடிபட்டவரின் வயது, அடிபட்ட விதம், கைகால் அசைவு, உணர்வு ஆகிய நான்கும் தெரியாமல் படத்தைத் திறக்காதீர்கள். ஒரே படம் இருபது வயதுக்காரரிடம் ஒரு பொருளையும் எழுபது வயதுக்காரரிடம் வேறொரு பொருளையும் தரும்.

முதலில் படம் தேவையா என்று பாருங்கள். 2000ஆம் ஆண்டில் வெளியான நெக்சஸ் விதி ஐந்து கேள்விகளைக் கேட்கிறது: கழுத்தின் நடுக்கோட்டில் அழுத்தினால் வலிக்கிறதா, மது அல்லது மருந்தின் போதை இருக்கிறதா, விழிப்புநிலை குறைந்திருக்கிறதா, நரம்புக் குறைபாடு தெரிகிறதா, கவனத்தைத் திசைதிருப்பும் அளவுக்கு வலிக்கும் வேறொரு காயம் இருக்கிறதா. ஐந்துக்கும் "இல்லை" என்றால் படம் வேண்டியதில்லை. கடைசிக் கேள்வியைத்தான் பலர் மறக்கிறார்கள். தொடையெலும்பு முறிந்து துடிப்பவர் "கழுத்து வலிக்கவில்லை" என்று சொன்னால், அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

2001இல் வந்த கனடா விதி, விழிப்போடு இருக்கும் நிலையான பெரியவர்களுக்கானது. வயது 65 அல்லது அதற்கு மேல், ஏறத்தாழ ஒரு மீட்டர் அல்லது ஐந்து படிக்கட்டு உயரத்திலிருந்து விழுந்தது, தலைகீழாக நீரில் குதித்தது போன்ற ஆபத்தான விதத்தில் அடிபட்டது, கைகால்களில் மரமரப்பு ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் படம் எடுக்க வேண்டும். இவை எதுவும் இல்லாமல், ஆபத்து குறைவு என்பதற்கான அறிகுறி ஒன்றாவது இருந்தால் மட்டுமே, தலையை இருபுறமும் 45 பாகை திருப்பச் சொல்லிப் பார்க்கலாம். திருப்ப வேண்டியவர் அடிபட்டவரே. உங்கள் கை அவர் தலையில் படக்கூடாது.

அடுத்த கேள்வி, எக்ஸ்ரே போதுமா என்பது. பலமாக அடிபட்ட பெரியவர்களுக்கு சி.டி. ஸ்கேன்தான் முதல் தேர்வு. எக்ஸ்ரே தவறவிடும் முறிவுகள் பலவற்றை அது காட்டிவிடும். சி.டி. கிடைக்காத இடத்திலும், கதிர்வீச்சைக் குறைக்க வேண்டிய குழந்தைகளிடமும், ஆபத்து குறைந்தவர்களிடமும் எக்ஸ்ரேக்கு இன்னும் வேலை இருக்கிறது. மேலும், இந்த வரிசையை எக்ஸ்ரேயில் பழகியவருக்கு சி.டி.யின் பக்கவாட்டுத் துண்டங்களைப் படிப்பது கடினமாக இருக்காது.

2. மனத்தில் இருக்க வேண்டிய உடற்கூறு

கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் உள்ளன. முதலாவதான அட்லஸுக்கு உடற்பகுதி கிடையாது. அது ஒரு வளையம் மட்டுமே. இரண்டாவதான ஆக்சிஸிலிருந்து டென்ஸ் என்ற பல் போன்ற முளை மேலெழுந்து அந்த வளையத்தின் முன்பகுதிக்குள் நிற்கிறது. டென்ஸைப் பின்னாலிருந்து ஒரு குறுக்கு லிகமெண்ட் (எலும்புகளைப் பிணைக்கும் நார்) கட்டிப்பிடித்திருக்கிறது. தலையை இடவலமாக ஆட்டுவதன் பெரும்பகுதி இந்த இரண்டு எலும்புகளுக்கு இடையில்தான் நடக்கிறது. கழுத்தெலும்புகளை மேலிருந்து கீழாக சி1, சி2 என்று எண்ணுவது வழக்கம். சி3 முதல் சி7 வரை உள்ளவை ஏறத்தாழ ஒரே சாயல் கொண்டவை: முன்னால் உடற்பகுதி, பின்னால் தண்டுவடத்தைச் சூழும் வளைவு (அதன் தட்டையான பின்பகுதி லேமினா), இருபுறமும் மேல்கீழ் எலும்புகளை இணைக்கும் ஃபேசட் மூட்டுகள், பிடரிப் பக்கம் நீளும் முள் நீட்சி.

எலும்புகள் ஏழு, ஆனால் கழுத்து நரம்பு வேர்கள் எட்டு. முதல் ஏழும் தத்தம் எண்ணுள்ள எலும்புக்கு மேலே வெளியேறுகின்றன. எட்டாவது, சி7க்கும் டி1க்கும் (மார்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பு) இடையில் வெளிவருகிறது. ஆகவே சி5க்கும் சி6க்கும் இடையில் வேர் நசுங்கினால் பாதிக்கப்படுவது சி6 வேர். இதை மாற்றி எழுதாத மாணவரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு வேரும் இயக்கும் அசைவு இது: தோளைப் பக்கவாட்டில் உயர்த்துவது சி5, மணிக்கட்டை மேலே தூக்குவது சி6, முழங்கையை நீட்டுவது சி7, விரல்களை மடக்குவது சி8, விரல்களை அகல விரிப்பது டி1. படத்தைத் திறக்கும் முன் இந்த ஐந்தையும் செய்யச் சொல்லிப் பார்த்தால், படத்தில் எந்த மட்டத்தில் கூடுதலாக நிற்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். உதரவிதானத்தை இயக்கும் நரம்பு சி3, சி4, சி5 வேர்களிலிருந்து வருவதால், மேல்மட்டக் காயம் என்று ஐயம் எழுந்தால் படத்தை விட்டுவிட்டு மூச்சைக் கவனியுங்கள்.

3. எண்ணுங்கள்

மேலே மண்டையோட்டின் அடிப்பகுதியும், கீழே டி1இன் மேல்விளிம்பும் தெரிந்தால்தான் அது முழுமையான பக்கவாட்டுப் படம். ஆக்சிஸிலிருந்து தொடங்கி, விரலை வைத்து, ஒவ்வொன்றாக எண்ணுங்கள். கண்ணால் குத்துமதிப்பாகப் பார்ப்பது எண்ணுவதாகாது.

தோள்பட்டையின் நிழல் சி7ஐ மறைப்பது மிக வழக்கமானது, தடித்த தோள் உள்ளவர்களிடம் சி6கூட மறைந்துவிடும். கழுத்துக்கும் மார்புக்கும் இடைப்பட்ட அந்தச் சந்திப்பில் அசையும் பகுதி முடிந்து இறுகிய பகுதி தொடங்குவதால், முறிவுகளும் விலகல்களும் அங்கே குறைவில்லை. பயிற்சி மருத்துவர் ஒருவர் "இயல்பு" என்று எழுதிய படம் ஒன்று என்னிடம் வந்தது. எண்ணினால் ஆறோடு முடிந்தது. தோள்களைக் கீழே இழுத்து மறுபடி எடுத்தபோது, ஆறாவது எலும்பு ஏழாவதன் மேல் பாதியளவு முன்னால் சரிந்து உட்கார்ந்திருந்தது. முதல் படத்தில் பொய் எதுவும் இல்லை; பாதி மட்டுமே இருந்தது.

கீழ்ப்பகுதி தெரியாவிட்டால், கைகளில் காயம் இல்லாதவரிடம், ஒருவர் கால்பக்கம் நின்று இரு கைகளையும் மெதுவாகக் கீழ்நோக்கி இழுக்க மறுபடி எடுக்கலாம். வலியோ மரமரப்போ கூடினால் உடனே நிறுத்த வேண்டும். அடுத்த வழி, ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி எடுக்கும் நீச்சல்நிலைப் படம். அதுவும் தெளிவில்லை என்றால் சி.டி.தான். இந்தக் கட்டத்தைத் தாண்டாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

4. நான்கு கோடுகளை ஓட்டுங்கள்

எலும்பைப் பார்க்கும் முன் கோடுகளைப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. விரிசல் மயிரிழையாக இருந்து கண்ணுக்குத் தப்பலாம். ஆனால் லிகமெண்ட் கிழிந்து எலும்பு நகர்ந்திருந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். தண்டுவடத்துக்கு உடனடி ஆபத்து அந்த நகர்வினால்தான்.

முதல் கோடு உடற்பகுதிகளின் முன்விளிம்பு வழியாகவும், இரண்டாவது பின்விளிம்பு வழியாகவும், மூன்றாவது முள் நீட்சியும் லேமினாவும் சேரும் இடங்கள் வழியாகவும், நான்காவது முள் நீட்சிகளின் நுனிகள் வழியாகவும் ஓடும். முதல் மூன்றும் முன்னோக்கி வளைந்த மென்மையான வில்லாக அமைய வேண்டும். தண்டுவடம் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் இருப்பதால், எனக்கு இந்த இரண்டும்தான் முக்கியம். முன்கோடு வயதானவர்களிடம் எலும்பு முட்களால் நெளிந்திருக்கும். நான்காவது கோட்டில் நுனிகளின் நீளமே ஆளுக்கு ஆள் மாறும்.

பெரியவர்களிடம் ஒரு எலும்பு அடுத்ததன் மேல் 3.5 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்திருந்தாலோ, அடுத்தடுத்த இரண்டு எலும்புகளுக்கு இடையிலான கோணம் பக்கத்து மட்டங்களைவிட 11 பாகைக்கு மேல் கூடியிருந்தாலோ அந்த மட்டம் நிலையற்றது என்று கருதுங்கள். நகர்வு உடற்பகுதியின் அகலத்தில் கால்பங்கு அளவில் இருந்தால் ஒருபக்க ஃபேசட் விலகலையும், பாதியோ அதற்கு மேலோ இருந்தால் இருபக்க விலகலையும் நினையுங்கள்.

ஒருபக்க விலகலுக்கு இன்னொரு அடையாளம் உண்டு. கீழ் எலும்புகளின் இடவலத் தூண்கள் (ஃபேசட் மூட்டுகள் அமைந்த பகுதிகள்) ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தியிருக்க, ஒரு மட்டத்துக்கு மேலே மட்டும் அவை திடீரென்று இரண்டாகப் பிரிந்து தெரியும். எலும்பு சுழன்றுவிட்டது என்று பொருள். படம் எடுத்தபோது தலை திரும்பியிருந்தால் இந்த இரட்டிப்பு மேலிருந்து கீழ்வரை படிப்படியாக இருக்கும், ஒரே இடத்தில் சட்டென்று தொடங்காது.

குழந்தைகளிடம் ஓர் எச்சரிக்கை. சி2 எலும்பு, சி3யின் மேல் சற்று முன்னால் நிற்பது சிறு வயதில் இயல்பாகவே காணப்படும். ஐயம் வந்தால், சி1இன் லேமினா இணைப்பிலிருந்து சி3யின் லேமினா இணைப்புக்கு ஒரு நேர்க்கோடு போடுங்கள். சி2இன் இணைப்பு அந்தக் கோட்டிலிருந்து 2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் அது இயல்பான நகர்வு. தாண்டினால், ஆக்சிஸின் பின்வளைவு இருபுறமும் முறிந்திருக்கிறதா என்று தேடுங்கள். தூக்கிலிடப்பட்டவர்களின் பெயரால் வழங்கும் முறிவு அதுதான். இன்றோ அது பெரும்பாலும் வாகன விபத்துகளில் கழுத்து பின்னோக்கி மடங்குவதால் ஏற்படுகிறது.

5. இனி ஒவ்வோர் எலும்பாக

சி3இலிருந்து கீழே வாருங்கள். உடற்பகுதியின் முன்உயரம் பின்உயரத்தைவிட 3 மில்லிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால் அது ஆப்பு வடிவ நசுக்க முறிவாக இருக்கலாம். பின்விளிம்பும் உடைந்து தண்டுவடக் குழாய்க்குள் தள்ளப்பட்டிருந்தால் அது வெடிப்பு முறிவு. இந்த இரண்டையும் பக்கவாட்டு எக்ஸ்ரேயை மட்டும் வைத்துப் பிரிப்பது நம்பகமானதல்ல. ஐயம் இருந்தால் சி.டி. எடுங்கள்.

உடற்பகுதியின் முன்கீழ் மூலையில் முக்கோணத் துண்டு ஒன்று கண்ணீர்த்துளி போலப் பெயர்ந்திருந்தால், அந்தத் துண்டை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். கழுத்து முன்னோக்கி மடங்கி நசுங்கியதால் வந்ததானால், உடற்பகுதியின் மீதிப்பாகம் பின்னால் தள்ளப்பட்டிருக்கும். லிகமெண்டுகள் எல்லாமே கிழிந்திருக்கும். கழுத்துக் காயங்களிலேயே மிக மோசமானவற்றுள் அது ஒன்று. பின்னோக்கி மடங்கியதால் வந்த துண்டு வேறு வகை. அது பெரும்பாலும் சி2இன் மூலையில் இருக்கும், பின்கோடு உடையாது.

சி6, சி7, டி1 ஆகியவற்றின் முள் நீட்சி மட்டும் முறிவது பெரும்பாலும் நிலையான காயம். ஆனால் முறிவு லேமினா வரை நீண்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே அப்படிச் சொல்லுங்கள்.

6. எலும்புகளுக்கு இடையே

உடற்பகுதிகளுக்கு இடையே உள்ள மெத்தை போன்ற வட்டுகளின் உயரத்தை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் திடீரென்று அகன்றிருந்தால், கழுத்து பின்னோக்கி மடங்கி வட்டு கிழிந்திருக்கலாம். ஒன்று குறுகியிருந்தால் அது பெரும்பாலும் வயதின் தேய்மானம். விளிம்பில் எலும்பு முட்கள் இருந்தால் ஐயம் தீரும். முள் நீட்சிகள் ஒரு மட்டத்தில் மட்டும் விசிறிபோல் விரிந்திருந்தால் பின்புற லிகமெண்டுகள் கிழிந்திருக்கக்கூடும்.

7. முன்பக்க மென்திசு

எலும்புக்கு முன்னே, தொண்டைக் காற்றுக்குப் பின்னே உள்ள வெண்ணிற நிழலின் தடிமனைப் பாருங்கள். பெரியவர்களிடம் அது சி2, சி3 மட்டத்தில் 7 மில்லிமீட்டருக்குள்ளும், சி6, சி7 மட்டத்தில் 22 மில்லிமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். கூடியிருந்தால் உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம். அந்த மட்டத்துக்குத் திரும்பிப் போய் எலும்பை மறுபடி பாருங்கள்.

வீக்கம் இல்லாததால் முறிவும் இல்லை என்று முடிவுகட்டுவது தவறு. பின்புற முறிவுகளில் முன்பக்கம் வீங்க வேண்டிய கட்டாயம் இல்லை. மூச்சுக்குழாயில் குழல் இறங்கியிருந்தால் இந்த அளவு பயன்படாது. அழும் குழந்தையிடம் நிழல் இயல்பாகவே தடித்துத் தெரியும்.

8. மேல் இரண்டு எலும்புகள்

இவற்றைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், இவை தனிக் கவனம் கேட்பவை. பக்கவாட்டுப் படத்தில் அட்லஸின் முன்வளைவுக்கும் டென்ஸுக்கும் இடையிலான இடைவெளியை அளவுகோலால் அளந்துவிடுங்கள். பெரியவர்களிடம் 3 மில்லிமீட்டருக்குள்ளும் குழந்தைகளிடம் 5 மில்லிமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். கூடியிருந்தால் குறுக்கு லிகமெண்ட் அறுந்திருக்கலாம். முடக்குவாதம், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களிடம் அடிபடாமலேயே இது கூடியிருக்கக்கூடும்.

வாயைத் திறக்கச் சொல்லி முன்பக்கத்திலிருந்து எடுக்கும் படத்தில், அட்லஸின் இரு பக்கத் திரள்களின் (வளையத்தின் இருபுறமும் உள்ள தடித்த பகுதிகள்) வெளிவிளிம்பும் ஆக்சிஸின் விளிம்போடு ஒட்டி நிற்க வேண்டும். இருபுறமும் வெளியே பிதுங்கியிருந்தால் வளையம் வெடித்திருக்கிறது. தலையின் உச்சியில் விழும் எடையால் வரும் இந்த முறிவு, 1920இல் அதை விவரித்த ஜெஃபர்சனின் பெயரால் அறியப்படுகிறது. இருபக்கப் பிதுக்கத்தின் கூட்டுத்தொகை ஏறத்தாழ 7 மில்லிமீட்டரை எட்டினால் குறுக்கு லிகமெண்டும் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒருபுறம் பிதுங்கி மறுபுறம் அதே அளவு உள்ளே போயிருந்தால், அது பெரும்பாலும் தலை திரும்பியிருந்ததன் விளைவு.

டென்ஸ் முறிவுகளை நுனி, அடிப்பகுதி, உடற்பகுதிக்குள் இறங்கியது என்று மூன்றாகப் பிரிப்பது 1974 முதல் வழக்கத்தில் உள்ளது. அடிப்பகுதி முறிவே அதிகம் காணப்படுவது, கூடாமல் போகும் ஆபத்தும் அதற்குத்தான் அதிகம். முதியவர்களிடம் நின்ற நிலையிலிருந்து சாதாரணமாக விழுந்தாலே அது வந்துவிடும்.

இங்கேதான் நிழல்களும் ஏமாற்றும். முன்பற்களின் இடுக்கு டென்ஸின் நடுவே செங்குத்துக் கோடாகவும், அட்லஸின் பின்வளைவு அதன் அடியில் கிடைக்கோடாகவும் விழும். கோட்டைப் பின்தொடருங்கள்: அது டென்ஸின் விளிம்பைத் தாண்டி வெளியேயும் ஓடினால் நிழல், எலும்போடு நின்றுவிட்டால் முறிவாக எடுத்துக்கொண்டு சி.டி. எடுங்கள். சிறு குழந்தைகளிடம் டென்ஸின் அடியில் இன்னும் எலும்பாகாத குருத்தெலும்புக் கோடு இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

9. முன்பின் படம்

கழுத்தை நேராக முன்னும் பின்னுமாக எடுக்கும் இந்தப் படத்தைப் பலர் புரட்டிவிட்டு ஒதுக்குகிறார்கள். முள் நீட்சிகள் ஒரே நேர்க்கோட்டில் வருகின்றனவா என்று பாருங்கள். ஒரு மட்டத்துக்கு மேல் அவை ஒருபுறமாக விலகினால், அந்தப் பக்கத்து ஃபேசட் விலகியிருக்கலாம். முள் நீட்சிகளுக்கு இடையிலான ஒரு இடைவெளி மட்டும் அதன் மேலும் கீழும் உள்ளவற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால் அதுவும் விலகலின் அடையாளமே.

10. ஒன்று கிடைத்ததும் நிறுத்தாதீர்கள்

ஒரு முறிவைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் மீதிப் படத்தை விட்டுவிடுவது, எண்ணாமல் விடுவதற்கு அடுத்த பெரிய தவறு. முதுகெலும்பில் ஓரிடத்தில் முறிவு இருந்தால் தொலைவில் இன்னோரிடத்திலும் இருக்கலாம். வரிசையை மறுபடி முதலிலிருந்து முடித்துவிட்டு, மார்பு, இடுப்பு மட்டங்களுக்கும் படம் கேளுங்கள்.

முதுகெலும்புத் தமனி சி6 முதல் சி1 வரை பக்கத் துளைகளின் வழியே ஏறுகிறது. முறிவு அந்தத் துளையைத் தொட்டாலும், ஃபேசட் விலகியிருந்தாலும், மேல் மூன்று எலும்புகளில் முறிவு இருந்தாலும் இரத்தக்குழாயையும் ஸ்கேனில் பார்க்க வேண்டும்.

11. படம் நன்றாக இருந்தும் ஆள் நன்றாக இல்லாதபோது

மூன்று பேரை நினைவில் வையுங்கள். முதலாமவர், ஏற்கெனவே தேய்ந்து குறுகிய கழுத்துள்ள முதியவர்: முகம் அடிபட விழுந்து கழுத்து பின்னால் மடங்கியிருக்கும், படத்தில் முறிவு இராது, ஆனால் கால்களைவிடக் கைகள் அதிகமாகச் சோர்ந்திருக்கும். தண்டுவடத்தின் மையப்பகுதி அடிபட்டதன் அடையாளம் அது. நடக்க முடிகிறதே என்று அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவது எளிது. சட்டைப் பொத்தானைப் போடச் சொல்லிப் பாருங்கள், உண்மை தெரியும்.

இரண்டாமவர், குழந்தை. எலும்பைவிட இணைப்புத் திசுக்கள் நெகிழ்வாக இருப்பதால், எலும்பு முறியாமலேயே தண்டுவடம் இழுபட்டுக் காயமடையும். மூன்றாமவர், முதுகெலும்பு மூங்கில்போல் இறுகிப்போகும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் உள்ளவர். அவர் கழுத்து லேசான அடியிலேயே குறுக்காக முறியும், எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். அவருக்குப் புதிதாகக் கழுத்துவலி வந்தாலே சி.டி. எடுங்கள். அவருடைய கழுத்து இயல்பிலேயே முன்வளைந்திருந்தால், காலர் (கழுத்தை அசையாமல் தாங்கும் பட்டை) போடுவதற்காக நேராக்க முயலாதீர்கள்.

நரம்புக் குறைபாடு இருந்து படத்தில் எதுவும் இல்லையென்றால் அடுத்தது எம்.ஆர்.ஐ. கழுத்தை மடக்கியும் நீட்டியும் எடுக்கும் படங்களை அடிபட்ட அன்று கேட்காதீர்கள். தசை இறுகியிருக்கும்போது அவை நிலையின்மையை மறைத்துவிடும், விழிப்பில்லாதவரிடம் ஆபத்தையும் தரும். கழுத்தின் இயல்பான வளைவு நேராகிப்போனதை மட்டும் வைத்துக் காயம் என்று எழுதவும் வேண்டாம். காலர் போட்டாலே, மல்லாக்கப் படுத்தாலே அது நேராகிவிடும்.

12. எழுதும் விதம்

குறிப்பின் முதல் வரியில் "டி1இன் மேல்விளிம்பு வரை தெரிகிறது" அல்லது "சி6 வரை மட்டுமே தெரிகிறது" என்று எழுதுங்கள். இந்த ஒரு வரியை எழுதக் கட்டாயப்படுத்தினாலே மாணவர் எண்ணத் தொடங்கிவிடுகிறார். அதன்பின் கோடுகள், எலும்புகள், இடைவெளிகள், மென்திசு, மேல் இரண்டு எலும்புகள் என்று பார்த்த வரிசையிலேயே எழுதுங்கள். காலர் தொடர்கிறதா, கழற்றப்பட்டதா, கழற்ற முடிவெடுத்தவர் யார், அது எந்த நேரம் என்பது கடைசி வரியில் வர வேண்டும். காலையில் பணிக்கு வருபவர் முதலில் தேடுவது அதைத்தான்.